எங்கே எழுதி வைத்தீர்கள்?

நம் ஊரைப் பற்றி மலருக்கு எழுதச் சொன்னால் பேனா தானாகவே ஏரிக்கும் படகுக்கும் பைன் காட்டுக்கும் பன்னிரண்டு வருஷக் குறிஞ்சிக்கும் ஓடிவிடும். அழகான விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் நாயுடுபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் தங்கிப் படித்த நமக்கு இந்த மலை இன்னொரு செல்வத்தையும் வைத்திருக்கிறது. அதுதான் "அப்சர்வேட்டரி" என்று நாம் சொல்லும் சூரிய ஆய்வுக்கூடம். அது ஏன் இங்கே வந்தது, அதைச் சுற்றி நடந்த ஒரு பெரிய வாதம் என்ன, இன்று மருத்துவ ஆராய்ச்சி உலகம் போட்டு வைத்திருக்கும் ஒரு கட்டாய ஒழுங்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும் இன்றைய மாணவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

தாது வருஷமும் சூரியனும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சத்தை நம் பாட்டன்மார் "தாது வருஷப் பஞ்சம்" என்றார்கள். 50 லட்சத்துக்கும் அதிகமானோர் மடிந்தார்கள். மழை பொய்த்தது உண்மை. அதே காலத்தில் இங்கிருந்து தானியம் கப்பலேறிக் கொண்டிருந்ததும் உண்மை. ஆகவே "பஞ்சத்துக்குக் காரணம் என்ன?" என்ற கேள்வி வெறும் விஞ்ஞானக் கேள்வியாக இருக்கவில்லை. வானம்தான் காரணம் என்றால் ஆட்சியாளர் மேல் பழி குறையும்.

அந்தச் சமயத்தில், 1877-இல், இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவரான வில்லியம் வில்சன் ஹண்டர் ஒரு நூலை வெளியிட்டார். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. சென்னையில் 1813 முதல் அளந்து வைத்த மழைக் கணக்கை எடுத்து, புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்று அவர் வாதிட்டார். நார்மன் லாக்கியர் என்ற புகழ்பெற்ற வானியலாளரும் அவரும் சேர்ந்து அதே ஆண்டில் இதைப் பற்றிப் பத்திரிகைக் கட்டுரையும் எழுதினார்கள். படித்தவர்கள் அசந்து போனார்கள். சூரியனைப் பார்த்துப் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அதே 1877-இல் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு மறுப்புக் கட்டுரை படித்தார். அதே சென்னை மழைக் கணக்கை எடுத்து, "இப்படிப் பிரித்துக் கூட்டினால் சுழற்சி இருப்பது போலத் தோன்றும். ஆனால் எண்கள் அதற்கு ஆதாரம் தரவில்லை" என்பதே அவர் சொன்னதன் சாரம். இவர் ஏதோ மூலையில் உட்கார்ந்து குறை சொன்னவர் அல்ல. அடுத்த ஆண்டே நியமிக்கப்பட்ட பஞ்ச விசாரணைக் கமிஷனுக்குத் தலைவரானவரும் இவரே.

எண்கள் ஒன்றுதான், முடிவுகள் இரண்டு. எதை எதோடு ஒப்பிடுவது, எந்த ஆண்டில் தொடங்குவது, எப்படிக் குழுவாகப் பிரிப்பது என்ற தீர்மானங்களெல்லாம் எண்களைப் பார்த்த பிறகே எடுக்கப்பட்டன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா, நிஜமான தொடர்பா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று.

மலையேறி வந்த ஆய்வுக்கூடம்

வாதம் எப்படி முடிந்தாலும், சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் மட்டும் நின்றுவிட்டது. 1893-இல் கொடைக்கானலில் ஆய்வுக்கூடம் அமைக்க முடிவாகி, 1895-இல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்த வானாய்வுக்கூடத்தின் பொறுப்பில் இருந்த மிச்சி ஸ்மித் 1899-இல் கருவிகளோடு மலையேறி வந்தார். இந்திய வானிலைத் துறையின் கீழேயே இந்த ஆய்வுக்கூடமும் இயங்கியது. 1971-இல்தான் அது இந்திய வானியற்பியல் நிறுவனமாகத் தனித்தது.

இங்கே நடந்த வேலையின் அழகு என்ன தெரியுமா? 1904 முதல் வானம் விட்டுக்கொடுத்த நாளிலெல்லாம் சூரியனைப் படம் எடுத்தார்கள். புள்ளி இருக்கிற நாள், இல்லாத நாள், சுவாரஸ்யமான நாள், சப்பென்ற நாள் என்று பேதம் பார்க்கவில்லை. மேகம் இறங்கினால் எதிர்வீடு தெரியாத ஊர் இது என்று நமக்குத் தெரியும். எத்தனை நாள் படம் எடுக்க முடிந்தது என்பதையும் ஆண்டறிக்கையில் கணக்குச் சொன்னார்கள். நூறு ஆண்டுக்கும் மேல் சேர்ந்த அந்தப் படங்களைக் கணினியில் ஏற்றி இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். "நல்லா வந்த படத்தை மட்டும் வை, மத்ததைத் தூக்கிப் போடு" என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்தப் புதையலுக்கு இன்று மதிப்பே இருந்திருக்காது.

வாக்கர் கேட்ட கேள்வி

1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். 1924 வரை அந்தப் பதவியில் இருந்தார். பருவமழையை முன்கூட்டிச் சொல்ல உலகின் பல ஊர்களின் காற்றழுத்தம், வெப்பம், மழை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தொடர்புகளைத் தேடுவதே அவர் வேலை. கரும்புள்ளிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பையும் சோதித்தார். நம்பி இறங்கும் அளவுக்கு அது உறுதியாக இல்லை என்று கண்டார்.

அதைவிட முக்கியம், 1914-இல் அவர் எழுதிய ஓர் எச்சரிக்கை. ஒரே ஒரு தொடர்பைக் கணக்கிட்டால் அது தற்செயலா இல்லையா என்று பார்ப்பது ஒரு மாதிரி. ஆனால் நிறையத் தொடர்புகளைக் கணக்கிட்டு, அவற்றில் பெரியதைப் பொறுக்கி எடுத்தால், தற்செயலாகவே ஒன்று பெரியதாக வந்து நிற்கும். ஆகவே எத்தனை முயற்சியில் இது கிடைத்தது என்று சொல்லாமல் அந்த ஒன்றை மட்டும் காட்டினால் அது ஏமாற்றும்.

நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு சோதனையில் தற்செயலால் தவறான "ஆமாம்" வர 100-க்கு 5 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று சாராத 20 சோதனை செய்தால், ஏதாவது ஒன்றிலாவது தவறான "ஆமாம்" வர எத்தனை வாய்ப்பு? 100-க்கு 64! அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கட்டுரை எழுதி, மற்ற 19-ஐ மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினால்? எழுதியவர் பொய் சொல்லவில்லை, படித்தவர் ஏமாந்துவிட்டார். வாக்கர் பொறுக்கி எடுத்த தொடர்புகளிலேயே சில பிற்காலத்தில் தேய்ந்து போயின என்பதையும் சொல்லிவிட வேண்டும். எச்சரிக்கை செய்தவருக்கே இந்தக் கதி என்றால் நம் போன்றவர்கள் எம்மாத்திரம்!

மருத்துவர்கள் கற்ற பாடம்

வானிலையில் எழுந்த அதே சிக்கல் மருத்துவத்தில் உயிர்ப் பிரச்சினையாக வந்தது. 1980-இல் இங்கிலாந்தில் மாரடைப்பு வந்தவர்களுக்கு லார்கனைடு என்ற இதயத்துடிப்பு மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். நோயாளிகள் நூறு பேருக்கும் குறைவு. மருந்து பெற்றவர்களில் 9 பேர் இறந்தார்கள். மற்ற குழுவில் ஒருவர். தற்செயலாக இருக்கும் என்று நினைத்தார்கள். வேறு காரணங்களால் அந்த மருந்தும் கைவிடப்பட்டது, முடிவு வெளிவரவில்லை. அது அச்சேறியது 1993-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அதே வகை மருந்துகள் ஏராளமானோருக்குக் கொடுக்கப்பட்டன. முன்பே வெளியிட்டிருந்தால் ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கும் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

இதற்கு நேர் எதிரான பெருமை நம் தமிழ்நாட்டுக்கு உண்டு. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. சுமார் 2,60,000 பேர் பங்கேற்ற மாபெரும் ஆய்வு. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. யாருக்கும் பிடித்த முடிவல்ல. ஆனாலும் 1979-இல் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். 1994-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் உலகில் நடந்த பி.சி.ஜி. ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, பூமத்திய ரேகைக்கு அருகே போகப் போகப் பாதுகாப்பு குறைவதாகத் தெரிந்தது. அந்தச் சித்திரத்தில் செங்கல்பட்டு ஒரு முக்கியப் புள்ளி. "நம்ம ஊரில் சரியா வரலை, விட்டுடுவோம்" என்று மறைத்திருந்தால் உலகம் அரைகுறைப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

திரட்டிப் பார்ப்பதிலும் தில்லுமுல்லு

இப்படி ஒரே கேள்விக்கான எல்லா ஆய்வுகளையும் தேடிப்பிடித்து, தரம் பார்த்து, ஒன்றாக்கி முடிவு சொல்வதற்கு "சிஸ்டமேடிக் ரிவ்யூ" என்று பெயர். தமிழில் முறைசார் மீளாய்வு எனலாம். மருத்துவருக்கு எல்லா ஆய்வையும் படிக்க நேரம் ஏது? ஆகவே இந்த மீளாய்வை நம்பித்தான் மருந்துச் சீட்டும் அரசாங்கக் கொள்கையும் எழுதப்படுகின்றன.

ஆனால் மீளாய்வு எழுதுபவரும் மனிதர்தானே! 1987-இல் சிந்தியா மல்ரோ என்ற அமெரிக்க மருத்துவர், பெயர்பெற்ற நான்கு மருத்துவ இதழ்களில் வந்த 50 மீளாய்வுகளை எடுத்துப் பார்த்தார். ஆய்வுகளை எப்படித் தேடினோம், எப்படிப் பொறுக்கினோம் என்று தெளிவாகச் சொன்னது ஒன்றே ஒன்று! மற்றவர்கள் தமக்குப் பிடித்ததை எடுத்து வைத்து "இதுதான் விஞ்ஞானம்" என்று எழுதியிருந்தாலும் யாருக்குத் தெரியும்?

ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1979-லேயே, எல்லாச் சோதனைகளையும் துறைவாரியாகத் திரட்டி அவ்வப்போது புதுப்பித்துத் தரும் ஏற்பாடு மருத்துவ உலகில் இல்லையே என்று கடிந்துகொண்டார். அவர் பெயரால் 1993-இல் ஐயன் சால்மர்ஸ் முதலானோர் தொடங்கியதே காக்ரேன் கூட்டமைப்பு. அவர்கள் ஒரு விதி வைத்தார்கள். மீளாய்வுக்கு முன்பே "புரோட்டோகால்", அதாவது ஆய்வுத் திட்ட வரைவு, எழுதி வெளியிட வேண்டும். கேள்வி என்ன, எந்த மாதிரி ஆய்வுகளைச் சேர்ப்போம், எங்கே தேடுவோம், எந்தப் பலனை முதன்மையாக அளப்போம், எப்படிக் கணக்கிடுவோம் என்பதெல்லாம் முதலிலேயே ஊரறிய எழுதப்பட்டுவிடும்.

2004-இல் டென்மார்க்கில் ஒரு குழு 102 மருத்துவச் சோதனைகளின் திட்ட வரைவுகளை, பின்னால் வெளியான கட்டுரைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தது. 100-க்கு 62 சோதனைகளில் ஒரு முதன்மைப் பலனாவது மாற்றப்பட்டோ, புதிதாக நுழைக்கப்பட்டோ, விடப்பட்டோ இருந்தது. வரைவு என்று ஒன்று இருந்ததால்தானே இந்த வித்தியாசமே தெரிய வந்தது! அதே ஆண்டில் முக்கிய மருத்துவ இதழாசிரியர்கள் கூடி, முன்பதிவு இல்லாத மருத்துவச் சோதனைகளை இனி அச்சிட மாட்டோம் என்று அறிவித்தார்கள். இந்தியாவில் 2007 ஜூலையில் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவச் சோதனைப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2009 ஜூன் 15 முதல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பதிவைக் கட்டாயமாக்கியது. 2018 ஏப்ரல் முதல், ஆளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு வந்து "இப்ப பதிஞ்சுக்கறேன்" என்பது செல்லாது என்றாயிற்று.

பத்திரப் பதிவும் வில்லங்கமும்

மீளாய்வுகளுக்கென்று தனிப் பதிவேடு 2011 பிப்ரவரியில் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பெயர் பிராஸ்பெரோ. கட்டணம் கிடையாது. நம் சார்பதிவாளர் அலுவலகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் வாங்குபவர் வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கொடுப்பதில்லை. முதலில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார், பிறகு பத்திரம் பதிகிறார். இங்கேயும் அப்படித்தான். இதே கேள்வியை வேறு யாராவது எடுத்துச் செய்துகொண்டிருக்கிறார்களா என்று முதலில் தேடிப் பார்க்கலாம். இருந்தால் இரட்டை வேலை மிச்சம். இல்லையென்றால், ஆய்வுகளிலிருந்து தகவல் திரட்டத் தொடங்கும் முன்பே திட்டத்தைப் பதிந்து ஓர் எண் வாங்கிக்கொள்ளலாம். பின்னால் திருத்தம் செய்தால் பழைய வரைவும் அழியாமல் தேதியோடு நிற்கும்.

"அப்போ திட்டத்தை மாத்தவே கூடாதா சார்?" என்று மாணவர்கள் கேட்கலாம். தாராளமாக மாற்றலாம். வேலையில் இறங்கினால்தான் சில சங்கடங்கள் தெரியும். ஆனால் என்ன மாற்றினோம், எப்போது, ஏன் என்று சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். ரகசியமாக மாற்றுவதுதான் குற்றம்.

பதிவு ஒரு கை என்றால், வெளிப்படையாக எழுதுவது மறு கை. அதற்கு 2009-இல் பிரிஸ்மா என்ற 27 அம்சப் பட்டியல் வந்தது. 2015-இல் திட்ட வரைவுக்கென 17 அம்சப் பட்டியலும், 2021-இல் முதல் பட்டியலின் புதுப்பித்த வடிவமும் வெளியாயின. எத்தனை கட்டுரைகள் தேடலில் கிடைத்தன, எத்தனையைத் தள்ளினோம், முழுதாகப் படித்தபின் தள்ளியவற்றை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினோம், கடைசியில் நின்றவை எத்தனை என்று ஒரு படமாகவே வரைந்து காட்ட வேண்டும். பதிவு எண்ணையும், பதிந்ததிலிருந்து விலகிய இடங்களையும் குறிப்பிட வேண்டும். மேகம் மூடிய நாளுக்கும் கணக்குச் சொன்ன நம் மலை ஆய்வுக்கூடத்தின் வழக்கம்தானே இது!

நம் மாநிலத்தில் இந்த விழிப்புணர்வைப் பரப்பியதில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே மனநல மருத்துவப் பேராசிரியர் பிரதாப் தர்யன் தலைமையில் தெற்காசிய காக்ரேன் அமைப்பு இயங்கி, நம் நாட்டு மருத்துவர்கள் பலருக்கு மீளாய்வு எழுதப் பயிற்சி அளித்தது. 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பணம் கட்டி, காக்ரேன் நூலகத்தை இந்தியர் எவரும் இலவசமாகப் படிக்க வழி செய்தது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

ஓர் உதாரணம் சொல்கிறேன். "கேழ்வரகு சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா?" என்று ஒரு மாணவி மீளாய்வு செய்ய விரும்புகிறார். கிடைக்கும் ஆய்வுகளில் ஒன்று வெறும் வயிற்றுச் சர்க்கரையை அளந்திருக்கும். இன்னொன்று சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில். மற்றொன்று மூன்று மாத சராசரியை. ஒன்று களியைக் கொடுத்திருக்கும், இன்னொன்று பிஸ்கட்டை! படித்துப் பார்த்தபின் எதை அளவுகோலாக்குவது என்று தீர்மானித்தால், மனசுக்குப் பிடித்த விடை தானாக வந்து சேரும். அதனால் முதலில் உட்கார்ந்து எழுதட்டும்: யாருக்கு, எதைக் கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, எதை, எத்தனை நாள் கழித்து அளந்த ஆய்வுகள் வேண்டும் என்று. பதியட்டும். அதன் பிறகு தேடட்டும். விடை "தெரியவில்லை" என்று வந்தாலும் வெட்கப்பட வேண்டாம். அதுவும் ஒரு விடைதான்.

இது விஞ்ஞான மாணவர்களுக்கு மட்டும் என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கல்வி, சமூக நலம், குற்றத் தடுப்பு போன்ற துறைகளின் மீளாய்வுகளுக்காக 2000-இல் கேம்பல் கூட்டமைப்பு என்று ஒன்று தோன்றியது. எந்தத் துறைக்காரரும் திட்டத்தைத் தேதியோடு பதிந்து வைக்க ஓபன் சயன்ஸ் ஃபிரேம்வொர்க் என்ற பொது ஏற்பாடும் இருக்கிறது.

பதிந்துவிட்டால் எல்லாம் சுத்தம் என்றும் நான் சொல்ல வரவில்லை. பத்திரம் பதிந்த நிலத்திலும் பயிர் வைக்காமல் போடுபவர் உண்டு. பதிந்துவிட்டு முடிக்காத மீளாய்வுகளும் உண்டு. பதிவேடு நடத்துபவர்கள் திட்டத்தின் தரத்துக்கு ஜாமீன் கொடுப்பதில்லை. மோசமான கேள்வி பதிந்தாலும் மோசமான கேள்விதான். ஆனால் பதிவு இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் எழுதியவர் சொன்னதே வேதம்.

முன்னாள் மாணவர்களில் மருத்துவர்கள், பேராசிரியர்கள், நூலகர்கள் பலர் இருக்கிறீர்கள். ஒன்றுகூடலுக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆராய்ச்சி மாணவர்களோடு உட்கார்ந்து ஒரு திட்ட வரைவு எழுதிப் பதிய உதவினால், சங்கம் இதுவரை கொடுத்த பரிசுக் கோப்பைகளுக்கு அது சற்றும் குறைந்ததல்ல.

ஹண்டரும் கெட்ட எண்ணத்தோடு எழுதியவர் என்று சொல்ல முடியாது. பஞ்சத்தில் செத்த ஜனங்களுக்கு ஒரு விடை வேண்டும் என்ற அவசரம் அவருக்கும் இருந்திருக்கலாம். அவசரமும் ஆசையும் சேர்ந்தால் எண்கள் நாம் கேட்டதைச் சொல்லும் என்பதே தாது வருஷம் விட்டுப்போன பாடம். "நான் அப்பவே சொன்னேனே!" என்று யாராவது மார்தட்டினால் நம் கிராமத்துப் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். இளைய நண்பர்களே, உங்கள் ஆராய்ச்சியைப் பார்த்து உலகம் கேட்கப் போவதும் அதே கேள்விதான்: எங்கே எழுதி வைத்தீர்கள்? விடை சொல்லும் தைரியத்தோடு உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.